தாண்டிய படி

எந்தக் கட்டடத்தில் ஏறினாலும் ஐந்தாவது படியில் என் கால் படாது. நினைத்துச் செய்வதில்லை. நான்காவது படியில் உடம்பு தானாக ஒரு மூச்சு வாங்கும்; அடுத்து ஆறாவதில் நிற்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி ஹில்டா இதைப் பார்த்துவிட்டு, "காலுக்கு என்ன, விக்கலா?" என்று கேட்டாள். நான் பதிலை யோசித்தேன். சில வருடங்கள் கழித்துத்தான் பதில் வந்தது என்று கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது மிகை. சில மாதங்கள்தான் ஆனது.

பெல் க்ரீக்கில் இப்படித் தாண்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. வங்கியிலோ தேவாலயத்திலோ ஒரு ஆள் படியேறும்போது நடுவில் எம்பினால், ரோ ஸீட்டாக்காரன் என்று ஊருக்குத் தெரியும். டன்மோர் கல்லூரியில் படித்த காலத்தில் அந்தப் பெயருள்ள மாணவர் சகோதர சங்கத்தில் சேர்ந்து, மேப்பிள் தெருவில் உள்ள அதன் வீட்டில் குடியிருந்தவன் என்று பொருள். செங்கல் வீடு. முன்னால் நான்கு வெள்ளைத் தூண்கள். உள்ளே நுழைந்ததும் பெரிய கூடம், கணப்பு, அதற்கு எதிரே ஓக் மரப் படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டின் ஐந்தாவது படி ஓரின் தேயருடையது. முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட காலையில் ஓரின் அந்தப் படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டினான். எழுந்து, "நான் வர்ற வரைக்கும் என் இடத்துல யாரும் உட்காராதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. அவன் பெயர் பிரான்ஸிலிருந்து திரும்பி வந்து நகர மண்டபத்துக்கு முன்னால் கல்லில் ஏறியது. அன்றிலிருந்து அந்தப் படியில் யாரும் உட்காருவதில்லை, கால் வைப்பதும் இல்லை. தோளில் சோபாவோடு ஏறுகிறவனும் தாண்டுவான். குடித்துவிட்டு வருகிறவன் கதவைத் தவறவிடுவான், தன் அறையைத் தவறவிடுவான், அந்தப் படியைத் தாண்டத் தவறமாட்டான். இப்போது அங்கே வளரும் குட்டைக்கால் நாய்கூட, கல்லூரி முதல்வரின் நினைவாக அதற்கு டீன் என்று பெயர், வயிறு உரச உரச அந்த ஒரு படியை எப்படியோ தாண்டிவிடும்.

மறந்து மிதித்தவனுக்குத் தண்டனை உண்டு. வெளியே புல்தரையில் நின்று சங்கத்தின் பாட்டை முழுவதும் பாட வேண்டும். சேர்ந்த முதல் ஜனவரியில் நான் மிதித்தேன். பனியில் நின்று பாடினேன். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை என்று இரண்டாம் முறை பாட வைத்தார்கள். அன்று வெண்டெல் ஹ்ரூஷ்கா எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தான். "எப்பப் பாத்தாலும் ஆஃப்லதான் இருக்கு" என்றான். என் சொந்தப் பெயர் எம்மெட் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வெண்டெல் என் நேர் எதிர். நாற்பது வருடம் டிராக்டர் விற்றவன். வாங்க வந்தவனைப் பேசியே இரண்டு டிராக்டர் வாங்க வைப்பான் என்பார்கள். ஜூன் என்ற அவன் மனைவி இறந்த பிறகு தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் போய், பையன்களோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டுவிட்டு, அவர்கள் வகுப்புக்குப் போகும்வரை அவர்களைத் திட்டுவான். அவர்களும் அவனைத் திட்டுவார்கள். அதுதான் அவனுடைய நாள். நான் ஊர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் திட்டி முடித்ததும் என்னிடம் வந்து யாரைத் திட்டினான் என்று சொல்வான். அதுதான் என் நாள்.

போன குளிர்காலத்தில் கல்லூரி, வீட்டின் குத்தகை ஜூனில் முடிகிறது, புதுப்பிக்கப்போவதில்லை, இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் கட்டப்போகிறோம் என்றது. நிலம் கல்லூரியுடையது. தடுக்க ஒரே வழிதான் இருந்தது. நகரத்தின் பழங்கட்டடக் குழு அந்த வீட்டைப் பாதுகாக்க வேண்டியது என்று பதிவு செய்துவிட்டால் யாரும் இடிக்க முடியாது. வெண்டெல் விண்ணப்பத்தைத் தானே எழுதினான். எழுதியதை என்னிடம் உரக்கப் படித்துக் காட்டினான். 'இந்த வீட்டின் ஐந்தாம் படியில் நூறாண்டுக்கும் மேலாக எந்தக் காலும் பட்டதில்லை' என்று அது தொடங்கியது.

"எப்படி இருக்கு?"

நான் யோசித்தேன்.

"சரி விடு, நீ சொல்றதுக்குள்ள வீட்டை இடிச்சிடுவாங்க" என்று உறையில் போட்டு ஒட்டினான்.

*

குழு தன் சார்பாக வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்க, தலைநகரிலிருந்து லொரெய்ன் ஓக்டன் என்ற கட்டட வரலாற்று ஆய்வாளரை அனுப்பியது. ஐம்பது வயதிருக்கும். சேறு படிந்த பூட்ஸ், கழுத்தில் டார்ச். சங்கத்தின் இந்த வருடத் தலைவன் கீகன் கதவைத் திறந்தான். பையன்கள் அன்று வீட்டைச் சுத்தம் செய்திருந்தார்கள். அதாவது, எல்லாவற்றையும் படிக்கட்டுக்குக் கீழே உள்ள சாமான் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"இந்த ஜன்னல் எல்லாம் வீடு கட்டினப்போ வச்சதா?" என்று கேட்டாள் லொரெய்ன்.

"அதே இடத்துலதான் இருக்கு மேடம்" என்றான் வெண்டெல்.

"பிளாஸ்டிக்."

"இடம் பழசு."

"முன் கதவு?"

"அது ஒரு பையன் மோட்டார் சைக்கிளோட உள்ள வந்ததுல மாத்துனது. கொண்டி மட்டும் பழசு. கொண்டிக்கு ஒண்ணும் ஆகலை. பையனுக்கும்."

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். சமையலறை புதிது. கூரை புதிது. பின்பக்கம் முழுவதும் நாங்கள் படித்த காலத்துச் சிமென்ட். வெண்டெலின் குரல் ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் ஏறியது. விற்காத டிராக்டரைக் காட்டும்போது அவன் குரல் அப்படித்தான் ஏறும்.

கூடத்துக்குத் திரும்பி வந்ததும் அவள் கணப்பின் முன்னால் நின்றாள். எங்கள் கணப்பு தரைமட்டத்துக்குக் கீழே, ஒரு சிறு பள்ளத்தில் இருக்கும். விறகு போட வேண்டுமென்றால் நன்றாகக் குனிய வேண்டும்.

"இது ஏன் பள்ளத்துல இருக்கு?"

"நெருப்புக்கு முன்னாடி எல்லாரும் தலை வணங்கணும்னு எங்க முன்னோர் அப்படிக் கட்டுனாங்க" என்றான் கீகன். நாங்கள் அவனுக்குச் சொன்னது அது. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

"ஜன்னல் கட்டை ஏன் முழங்காலுக்கு இருக்கு?"

"அதுல உட்கார்ந்து படிக்கறதுக்கு."

"எதுக்குமே ஒரு கதை வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் படியேறினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெண்டெல் கையைத் தூக்கினான். அவள் ஐந்தாவது படியில் கால் வைத்தாள். சேற்று பூட்ஸோடு, இரண்டு காலையும்.

கூடத்தில் யாரும் பேசவில்லை. எனக்குப் பேசாமல் இருக்கும் இடங்கள் பிடிக்கும். ஆனால் அது வேறு மாதிரி அமைதி. டீன் படிக்கட்டின் அடியில் வந்து உட்கார்ந்து அவளைப் பார்த்து ஒரு தரம் குரைத்தது.

"மிஸ் ஓக்டன்," என்றான் கீகன், மிகவும் மரியாதையாக, "நீங்க இப்ப வெளிய போய்ப் பாடணும்."

"என்ன?"

வெண்டெல் ஓரின் தேயர் கதையைச் சொன்னான். இதுவரை கேட்டதிலேயே நன்றாகச் சொன்னான். ஓரினின் அம்மாவைப் புதிதாகச் சேர்த்திருந்தான். லொரெய்ன் முழுவதும் கேட்டாள். பிறகு அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்து, தான் மிதித்த படியைத் தடவினாள். விளிம்பு கூர்மையாக, நேற்று இழைத்தது போல இருந்தது. இறங்கி நான்காவது படியைத் தடவினாள். அதன் நடுவில் கை பதியும் அளவுக்குக் குழி. சூப் கரண்டிபோலத் தேய்ந்திருந்தது.

"இது ஏன் இவ்வளவு தேஞ்சிருக்கு?"

"அங்கருந்துதான் எல்லாரும் எம்புவோம்" என்றான் வெண்டெல் பெருமையாக. "இறங்கறப்போ அதுலதான் குதிப்போம். நூறு வருஷமா."

அவள் கைப்பிடித் தூணின் அடியைப் பார்த்தாள். அந்தத் தூண் கணுக்கால் வரை தண்ணீரில் நிற்கிறவன் போலத் தரைக்குள் இறங்கியிருந்தது. இத்தனை வருடம் பிடித்துக்கொண்டு ஏறியும் நான் அதைக் கவனித்ததில்லை.

"படிக்கட்டுக்குக் கீழே போக வழி இருக்கா?" என்று கேட்டாள்.

கீகனின் முகம் மாறியது.

*

சாமான் அறைக் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த வீடு வெளியே வந்தது. காலி பீர்ப் பெட்டிகள், சாலையிலிருந்து கொண்டுவந்த எச்சரிக்கைப் பலகை, ஒரு மீன்பிடிப் படகின் பாதி. பையன்கள் எடுத்து எடுத்துக் கூடத்தில் வைத்தார்கள். அந்த அறைக்குள் போக ஒரு படி இறங்க வேண்டும். எப்போதும் இறங்கித்தான் போவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அதற்கு மட்டும் எங்களிடம் கதை இல்லை.

லொரெய்ன் இறங்கி, டார்ச்சை மேலே அடித்தாள். வெண்டெலும் நானும் அவள் பின்னால் குனிந்து நின்றோம். படிகளின் அடிப்பக்கம் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் தச்சர்கள் உளியால் ரோமன் எண் வெட்டியிருந்தார்கள், எது எங்கே பொருந்த வேண்டும் என்பதற்காக.

"இப்ப ஒரு பையன் மேல போய் நீங்க தாண்டற படியைத் தட்டட்டும்."

கீகன் போனான். அவனால் மிதிக்க முடியவில்லை. நான்காவதில் மண்டியிட்டுக் கையால் தட்டினான். டொக் டொக். லொரெய்ன் டார்ச்சைச் சத்தத்துக்கு நேராகத் திருப்பினாள். அதில் ஆறு என்று வெட்டியிருந்தது.

"அடுத்து, அதுக்குக் கீழ இருக்கறதைத் தட்டச் சொல்லுங்க."

டொக் டொக். அதில் ஐந்து.

அவள் டார்ச்சைக் கீழே இறக்கினாள். கடைசியில், எங்கள் முதல் படி என்று நாங்கள் நினைத்ததற்கும் கீழே, கூடத்தின் தரைக்கு அடியில் புதைந்தாற்போல இன்னொரு படி இருந்தது. அதில் ஒன்று.

"இந்த வீடு ரெண்டாம் உலகப் போர்ல மூடியிருந்ததா?"

"எல்லாப் பசங்களும் போருக்குப் போயிட்டாங்க" என்றான் வெண்டெல். "ராணுவம் வாடகைக்கு எடுத்துச்சு. பயிற்சிக்கு வந்தவங்க தங்குனாங்க. நாப்பத்தாறுல மறுபடி திறந்தாங்க."

"அப்பதான் வீட்டைச் சூடாக்கற வெந்நீர்க் குழாய் ஓட்டறதுக்காகக் கூடத்துத் தரையை ஒரு படி உயரத்துக்குத் தூக்கியிருக்காங்க. முதல் படி உள்ள போயிடுச்சு. அதனாலதான் கணப்பு பள்ளத்துல, ஜன்னல் முழங்கால்ல. திறந்தவங்க கீழருந்து அஞ்சு எண்ணியிருக்காங்க."

யோசிக்க வேண்டியதே இல்லை. திறந்தவர்கள் புதியவர்கள். பழையவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் வேறு ஊர்களில் படிப்பை முடித்தார்கள். புதியவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்: ஐந்தாவது படியை மிதிக்காதே. பிற்பாடு விருந்துக்கு வந்த பழையவர்களும் கீழே இருந்து எண்ணித்தான் தாண்டியிருப்பார்கள். எல்லோரும் சொன்னபடிதான் நடந்தோம். படிதான் மாறிவிட்டது.

"அப்போ ஓரினோட படி..." என்றான் வெண்டெல்.

லொரெய்ன் டார்ச்சை ஐந்தின் மேல் நிறுத்தினாள். மேலே, கரண்டிபோலத் தேய்ந்திருந்த அந்தப் படியில் கீகன் இன்னும் மண்டியிட்டிருந்தான். போருக்குப் பிறகு இந்த வீட்டில் வாழ்ந்த ஒவ்வொருவனும், அடுத்த படிக்கு மரியாதை செய்வதற்காக, அதன்மேல் முழு பலத்தோடு ஓங்கி உதைத்து எம்பியிருக்கிறான். இறங்கும்போது மொத்த எடையோடும் குதித்திருக்கிறான்.

"மேடம்," என்றான் வெண்டெல். அவன் குரல் முதல்முறையாகக் கீழே இறங்கியிருந்தது. "இதை எழுதித்தான் ஆகணுமா?"

"பாத்ததை எழுதறதுதான் என் வேலை." அவள் குனிந்து, பூட்ஸ் முனையால் அறைத் தரையிலிருந்த குப்பையை விலக்கிக்கொண்டிருந்தாள். அடியில் வெள்ளையும் பச்சையுமாகச் சிறு கற்கள் தெரிந்தன. "ஆனா குழுவோட விசாரணையில நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டா நல்லாருக்கும். கூடத்துல ஒரே ஒரு பலகையைக் கழட்டிப் பாக்கணும், அடுத்த வாரம் வரலாமா?"

கீகன் தலையாட்டினான். வெண்டெலுக்கு அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது, ஆனால் நான் படியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

மறுநாள் காலை வெண்டெல் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. என்னிடமும் வரவில்லை.

அமைதியை நான் விரும்புகிறவன் என்று சொன்னேன். நூலகத்தில் இத்தனை வருடம் அதைத்தான் காத்தேன். ஹில்டா போன பிறகு அது வீட்டுக்கும் வந்தது, பழகிக்கொண்டேன். ஆனால் என் அமைதி, வெண்டெல் பேசுவான் என்ற நம்பிக்கையில் இருந்த அமைதி என்று அந்த வாரம்தான் தெரிந்தது. பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கீகன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"பிரதர் ரேடியோ, பிரதர் வெண்டெலுக்கு உடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா எங்களை யாருமே திட்டலை. பசங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க."

சனிக்கிழமை போனேன். வெண்டெல் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். அடுப்பில் சில்லி, பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பு, கொதித்தது. பக்கத்தில் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். ஒரு கிண்ணத்தை என் முன்னால் தள்ளினான். இருவரும் சாப்பிட்டோம். ரொட்டியைக் காரத்தில் தோய்த்துத் தோய்த்து, கிண்ணம் தீரும்வரை ஒரு வார்த்தை இல்லை.

"டேய், எதாவது பேசேன்" என்றான் கடைசியில்.

"நீ பேசு."

"விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிடலாம்னு பாக்கறேன்."

நான் காத்திருந்தேன்.

"எத்தனை பசங்களைப் பனியில நிக்க வச்சுப் பாட வச்சிருக்கேன். உன்னையும் சேத்து. நீ மிதிச்சது சும்மா ஒரு படிடா. அதுக்கு முந்துன படியில நான் எம்பி எம்பிக் குதிச்சப்போ எவனும் என்னைப் பாட வைக்கலை." ரொட்டியின் மிச்சத்தைக் கிண்ணத்தில் துடைத்தான். "விசாரணையில எல்லார் முன்னாடியும் காலேஜ் வக்கீல் சிரிப்பான். இவங்களுக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதுன்னு சொல்லுவான். நியாயம்தான். சிரிச்சுட்டு இடிப்பான்."

"சொல்லலைன்னா?"

"அந்த அம்மா சொல்லுவாங்க. அப்ப நான் பொய்யன் ஆயிடுவேன். சொன்னா முட்டாள். எதுன்னு நீயே சொல்லு."

நீண்ட நேரம் யோசித்தேன். அவன் எழுந்து கிண்ணங்களைக் கழுவினான், துடைத்தான், அடுக்கினான்.

"முட்டாள்" என்றேன்.

"இதுக்கு இவ்வளவு நேரமா? எனக்கு அப்பவே தெரியும்" என்றான் வெண்டெல். ஆனால் முகம் கொஞ்சம் லேசாயிருந்தது.

*

விசாரணை நகர மண்டபத்தில், மதியம். செய்தி எப்படியோ பரவி, பழைய சகோதரர்கள் ஐந்தாறு மாவட்டங்களிலிருந்து வந்திருந்தார்கள். மண்டபத்துக்கு முன்னால் அகலமான கல் படிகள். குழுத் தலைவி டாக்டர் மர்லீன் வோஸ் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். ஊரின் பல் மருத்துவர். வந்தவர்களில் பாதிப் பேரின் வாயை உள்ளே பார்த்தவர். அவர் கண்முன்னாலேயே வழுக்கைத் தலைகளும் கைத்தடிகளும் வரிசையாக ஏறி, நான்காவதில் மூச்சு வாங்கி, ஐந்தாவதைத் தாண்டின. இடுப்பு மூட்டு மாற்றிய ஒருவரை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கித் தாண்ட வைத்தார்கள். கல்லூரியின் வக்கீல் மட்டும் ஐந்தாவது படியில் நிதானமாக நின்று, பூட்ஸிலிருந்த பனியை உதறினார்.

வெண்டெலைப் பேச அழைத்தார்கள். எழுந்தான். ஒலிவாங்கியைச் சரிசெய்தான். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. ஊரே பார்த்திராத காட்சி அது. வெண்டெல் ஹ்ரூஷ்கா பேச்சு வராமல் நின்றான்.

"டாக்டர்," என்றான் பிறகு, கம்மிய குரலில், "எனக்குப் பதிலா ரேடியோ பேசுவான்."

பின்வரிசையில் யாரோ, "அப்ப சாப்பாடு கொண்டுவரச் சொல்லுங்க" என்றார்கள்.

நான் போய் நின்றேன். கூட்டம் நான் யோசிக்கக் காத்திருந்தது. அதற்கு அவர்கள் பழகியவர்கள்.

"ஓரினோட படி அஞ்சாவது. நாங்க தாண்டுனது ஆறாவது. நடுவுல தரையை ஒசத்திட்டாங்க, எங்களுக்குத் தெரியலை. அஞ்சாவதை நல்லா மிதிச்சிருக்கோம். போய்ப் பாருங்க, குழி விழுந்திருக்கு."

பழைய சகோதரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடுப்பு மாற்றியவர், "எனக்கு இதைப் போன வருஷமே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"எப்பருந்து?" என்று கேட்டார் டாக்டர் வோஸ்.

"நாப்பத்தாறுலருந்து."

வக்கீல் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "அதாவது, விண்ணப்பம் எந்த மரபைக் காட்டி இந்த வீட்டைக் காப்பாத்தச் சொல்லுதோ, அந்த மரபே ஒரு தப்பு. சரிதானே?"

நான் யோசித்தேன். அந்தப் படியின் குழியை நினைத்துக்கொண்டேன். ஓரின் இடம் கேட்டான். காலியாக வைக்கச் சொன்னான். நாங்கள் காலியாக வைத்தது வேறு எதையோ. அவன்மேலே எல்லோரும் ஏறி இறங்கினோம், பாடினோம், சோபா தூக்கினோம், காதல் தோற்றுத் திரும்பி வந்து கால் இழுத்தோம். போனவன் ஒருவனுக்கு எது பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆமா, தப்புதான்" என்றேன். "ஆனா ஒரு நாள்கூட விடாம செஞ்சிருக்கோம்."

முதலில் சிரித்தது டாக்டர் வோஸ். பிறகு எல்லோரும். வக்கீல்கூடத் தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் லொரெய்ன் ஓக்டனை அழைத்தார்கள். சிரித்ததால் வீடு நின்றுவிடாது என்று எனக்குத் தெரியும்; வெண்டெலின் கை நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

"ஜன்னல், கதவு, கூரை எதுவும் பழசு இல்லை" என்று தொடங்கினாள் லொரெய்ன். "அதை மட்டும் பாத்திருந்தா வேண்டாம்னுதான் எழுதியிருப்பேன். ஆனா படிக்கட்டு முழுசா பழசு. ஒவ்வொரு படியும் தச்சர் வச்ச இடத்துலயே இருக்கு. அப்புறம், கூடத்துல ஒரு பலகையைக் கழட்டிப் பாத்தேன். ராணுவம் பழைய தரையை உடைக்கலை. அது மேல சட்டம் அடிச்சுப் பலகை போட்டுட்டாங்க. வீடு கட்டினப்போ பதிச்ச மொசைக் தரை மொத்தமும் அடியில அப்படியே இருக்கு. ஒரு கல்லுகூட உதிரலை. இத்தனை வருஷம் இந்தப் பசங்க இருந்த வீட்டுல அது வெளிய இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை."

"வேண்டியதில்லை" என்றார் டாக்டர் வோஸ்.

"இந்த மாநிலத்துல இவ்வளவு நல்லா இருக்கற கூடம் எனக்குத் தெரிஞ்சு இன்னொண்ணு இல்லை. இவங்களோட தப்பு எங்க ஆரம்பிச்சதோ, அதுக்கு அடியிலதான் காப்பாத்த வேண்டியது இருக்கு."

வக்கீல் மேலும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு குழு கை தூக்கியது. ஒருவர் தவிர எல்லோரும். வீடு நின்றது. நிபந்தனை ஒன்று: ராணுவத் தரையை எடுத்துவிட்டு, கூடத்தைப் பழைய மட்டத்துக்கே கொண்டுவர வேண்டும்.

வெண்டெல் என் பக்கம் திரும்பினான். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"வண்டியில போறப்போ ஒண்ணும் பேசாத" என்றான். "இன்னைக்கு ரொம்பப் பேசிட்ட."

*

இனி இடிக்க முடியாது என்றானதும் கல்லூரி குத்தகையைப் புதுப்பித்தது. கோடையில் பலகையை எடுத்தார்கள். அக்டோபரில், பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் சனிக்கிழமை, கூடத்தைத் திறந்தோம். வெள்ளையும் பச்சையுமான தரை. கணப்பு இப்போது தரைமட்டத்தில் இருந்தது. நெருப்புக்கு முன்னால் யாரும் தலை வணங்க வேண்டியதில்லை. படிக்கட்டின் அடியில் ஒரு புதிய படி, அதாவது ஒரு மிகப் பழைய படி, வெளியே வந்திருந்தது. இப்போது கீழே இருந்து எண்ணினால் ஐந்தாவது, குழி விழுந்த அந்தப் படிதான்.

ஒரு சிக்கல் இருந்தது. வாய்க்கு ஐந்து என்று தெரியும். கால்களுக்கு வேறு ஏதோ தெரியும். காலையிலிருந்து ஆட்கள் படிக்கட்டில் நின்று நடனம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கீகன் கைப்பிடியில் தொங்கினான். டீனுக்கு மட்டும் குழப்பமே இல்லை. அது எந்தக் குழுவின் தீர்ப்பையும் ஏற்காமல், பழையபடி ஆறாவதையே தாண்டி மேலே போய்த் தூங்கிவிட்டது.

முதலில் முறைப்படி ஏற வேண்டியவன் வெண்டெல். கோட்டும் டையும் கட்டியிருந்தான். கூடம் நிறைய ஆட்கள். லொரெய்னும் வந்திருந்தாள், இந்தமுறை சுத்தமான ஷூவில். வெண்டெல் குனிந்து, தேய்ந்த படியின் குழியில் உள்ளங்கையை வைத்தான்.

"ஓரின், இனிமே உன் முதுகு வலிக்காதுப்பா" என்றான்.

பிறகு தரைக்கு இறங்கி நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணிக்கொண்டே ஏறினான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அங்கே நின்றான். நான் அவன் கால்களைப் பார்த்தேன். அவை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கண்ணுக்குக் குழி தெரிந்ததும், வாழ்நாள் முழுக்கப் பழகிய இடத்தைக் கண்டுகொண்டன. வலது கால் போய் அந்தக் குழியின் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஓங்கி ஒரு உதை. எம்பி, ஒரு குற்றமும் இல்லாத ஆறாவது படியைத் தாண்டி, மேலே போய் நின்றான். மூச்சு வாங்கியபடி, வெற்றியோடு திரும்பினான்.

யாரும் கை தட்டவில்லை.

அவன் கீழே பார்த்தான். தன் ஷூவைப் பார்த்தான்.

"பிரதர் வெண்டெல்," என்றான் கீகன், மிகவும் மரியாதையாக, "பாட்டு."

"டேய், எனக்கு எண்பது வயசுடா."

"பிரதர் ஓரினுக்கு நூத்தி இருபதுக்கு மேல."

கூட்டம் வாசல்வரை வழி விட்டது. லொரெய்ன் கதவைப் பிடித்துக்கொண்டாள். வெண்டெல் தலை நிமிர்ந்து வெளியே போய், மேப்பிள் இலைகள் உதிர்ந்து கிடந்த புல்தரையின் நடுவில், இத்தனை பையன்களை நிறுத்திய அதே இடத்தில் நின்றான். முதல் வரியைப் பாடினான். ஸ்வரம் அவனுக்கு என்றைக்கும் பிடிபட்டதில்லை. எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். இரண்டாவது வரியில் வார்த்தை மறந்து நின்றான். மற்றவர்களைப் பாட வைத்தே பழகியவன். கடைசியாக எப்போது தானே பாடினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

எனக்கு வார்த்தைகள் தெரியும். இரண்டு முறை பாடியவன் நான்.

இறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்று, விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். வெண்டெல் பாடுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கேக்குதுடா" என்றான்.

"பேசாம பாடு" என்றேன்.